சும்மா கிடந்து செத்தவை

ஒரு பேட்டரி எப்படிச் சாகிறது என்று கேட்டால், ஓடி ஓடித் தேய்ந்து சாகிறது என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். திண்டுக்கல்லிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் கடந்த எண்பது, தொண்ணூறு ஆண்டுகளாகப் பேட்டரி புழங்கிவந்த விதத்தைப் பார்த்தால் இது பாதி உண்மைதான். தினமும் ஓடிய லாரி, பஸ் பேட்டரிகள் தங்கள் ஆயுளை ஏறக்குறைய வாழ்ந்து முடித்தன. முகூர்த்தத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வெளியே வந்த மைக் செட் பேட்டரி, பயிர் நிற்கும் மாதங்களில் மட்டும் முதுகில் ஏறும் மருந்துத் தெளிப்பான், விடுமுறைக்கு மட்டும் ஷெட்டிலிருந்து எடுக்கும் கார் ஆகியவற்றின் பேட்டரிதான் காலம் முடியுமுன்பே போனது. வேலை பார்த்த நாட்களைவிட வேலையில்லாத மாதங்களே அவற்றை அதிகம் தின்றன. இந்த ஊரின் உழைப்பு பருவத்தை ஒட்டியது. ஆடிப் பட்டம், புரட்டாசி விதைப்பு, மாசித் திருவிழா, ஆடியும் மார்கழியும் நீங்கலான கல்யாண மாதங்கள் என்று நாட்காட்டியே வேலையைப் பங்கு போட்டுத் தருகிறது. ஏரும் வண்டியும் கவலைச் சாலும் ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் அடுத்த பருவத்தில் எடுத்து மாட்டலாம். பேட்டரி அப்படி ஓய்வெடுக்கத் தெரியாத கருவி. ஆகவே இந்தச் சமவெளியில் அதன் வரலாறு என்பது, அந்த ஓய்வு மாதங்களை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதன் வரலாறுதான். ஒரு காலத்தில் பேட்டரி சார்ஜ் போடும் கடை அதைச் செய்தது. அந்தப் பழக்கம் போனபின் வந்த நல்ல நல்ல பேட்டரிகள்கூட அந்த இடத்தை முழுதாக நிரப்பவில்லை என்பது என் வாதம்.

முதலில் சார்ஜ் ஏன் தானே இறங்குகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். 1859இல் பிரெஞ்சுக்காரரான காஸ்டன் பிளான்டே செய்துகாட்டிய ஈய-அமில பேட்டரியில் ஈயத் தகடும் ஈய ஆக்சைடு படிந்த தகடும் நீர்த்த கந்தக அமிலத்தில் நிற்கின்றன. வெளியே ஒயர் மாட்டாவிட்டாலும் உள்ளே தகடுகள் அமிலத்தோடு மெல்ல வினைபுரிந்துகொண்டேதான் இருக்கும். பழைய பேட்டரிகளில் தகட்டின் சட்டகம் உறுதியாக நிற்க ஈயத்தோடு ஆன்டிமனி கலந்தார்கள். அந்த ஆன்டிமனி நாளடைவில் கரைந்து எதிர்மின் தகட்டில் படிந்து, சார்ஜ் கசிவதை வேகப்படுத்தும். பழசான ஆன்டிமனி பேட்டரி கோடையில் நாளொன்றுக்கு 1 சதவீதம் வரைகூட இழக்கும். இழந்த சார்ஜை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், அது பெரிய நஷ்டம் இல்லை. சார்ஜ் இறங்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்துபோகும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் படிகங்கள் பெருத்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு நேரம் சார்ஜில் போட்டாலும் அந்தப் பகுதி திரும்பாது. பட்டறையில் இதைத்தான் 'பிளேட் போயிடுச்சு' என்பார்கள். சேமிப்பில் ஒரு பேட்டரி எவ்வளவு நாள் தாங்கும் என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் உண்டு: சார்ஜ் எவ்வளவு நாள் நிற்கும், சார்ஜ் போனபின் பேட்டரி எவ்வளவு நாள் உயிரோடிருக்கும். நம் ஊர்க்காரர்கள் காசை இழந்ததெல்லாம் இரண்டாவதில்தான்.

இந்தப் பகுதிக்குப் பேட்டரி மூன்று வழிகளில் வந்தது. ரயில் ஒன்று. 1875இல் திருச்சி-மதுரைப் பாதை திண்டுக்கல் வழியாகப் போடப்பட்டது. 1928இல் பழனி வழியே பொள்ளாச்சிக்குப் பாதை பிரிந்து ஊர் சந்திப்பாகியது. ரயில் பெட்டிகளில் மின்விளக்கு வந்த காலத்தில், அச்சில் பட்டை மாட்டிச் சுழன்ற டைனமோவும் பெட்டிக்கு அடியில் தொங்கிய பேட்டரிகளுமே விளக்கை எரித்தன. அடுத்து மோட்டார் பஸ்ஸும் லாரியும். திருச்சி, மதுரை, கரூர், பழனி, வத்தலக்குண்டு என்று ஐந்து திசைச் சாலையும் கூடும் ஊருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது வழி ரேடியோ. என் வாதத்துக்கு அதுதான் முக்கியம். 1939 மே மாதம் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியபோது திண்டுக்கல் சமவெளி அதன் கேட்கும் எல்லைக்குள் வந்தது. ஆனால் கிராமங்களில் மின்சாரம் இல்லை. வால்வு ரேடியோவுக்கு இரண்டு விதமான மின்சாரம் தேவைப்பட்டது. உயர் அழுத்தத்துக்கு உலர் மின்கலப் பொட்டலம். அது தீர்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். வால்வின் இழையைச் சூடாக்க 2 வோல்ட் அக்யுமுலேட்டர், அதாவது கைப்பிடி வைத்த கண்ணாடிக் குடுவையில் ஒற்றை ஈய-அமில செல். வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை அதைச் சைக்கிளிலோ வண்டியிலோ மின்சாரம் உள்ள ஊருக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு வர வேண்டும். வசதியுள்ளவர்கள் இரண்டு வைத்துக்கொண்டு ஒன்று வீட்டிலும் ஒன்று கடையிலுமாக மாற்றினார்கள். பிறகு வந்த பஞ்சாயத்து ரேடியோக்களும் மின்சாரமில்லாத ஊர்களில் பேட்டரியை நம்பித்தான் பாடின.

ரேடியோவை ஒட்டியே மைக் செட் வந்தது. 1950களிலும் 60களிலும் கிராமத்துப் பொதுக்கூட்டம், நாடகம், மாரியம்மன் திருவிழா, கல்யாண வீட்டு ரெக்கார்டு எல்லாமே 6 அல்லது 12 வோல்ட் பேட்டரியில் ஓடிய ஆம்ப்ளிஃபயரும் மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கருமாகத்தான் இருந்தன. தமிழ்நாட்டின் மேடைப் பேச்சு அரசியலைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. அந்தப் பேச்சை மின்கம்பம் எட்டாத ஊர்களுக்குக் கொண்டுபோன ஈயத் தகட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. மைக் செட் பேட்டரியின் தொல்லை அதன் வேலைநேரத்தில் இல்லை. மாசியிலும் பங்குனியிலும் ஓய்வே கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. அந்த மாதங்களில் பேட்டரியை மூலையில் தள்ளிவைத்த வாடகைக்காரர், தை பிறந்ததும் முதல் கல்யாணத்துக்கே பாட முடியாமல் நின்றிருப்பார். அதனால் வேலை இருக்கிறதோ இல்லையோ, மாதம் ஒருமுறை சார்ஜில் போட்டு எடுப்பது அந்தத் தொழிலின் ஒழுங்காகிவிட்டது.

அந்தக் காலத்து சார்ஜ் கடையை ஒரு நிமிடம் உள்ளே போய்ப் பார்க்கலாம். சுவரோரமாக நீளமான மரப் பலகை. அதன்மேல் பேட்டரிகள் வரிசையாக, ஒன்றின் பிளஸ் அடுத்ததன் மைனஸோடு ஒயரால் கோத்து நிற்கும். மூடிகள் எல்லாம் திறந்திருக்கும். மேசைமேல் ரெக்டிஃபயர்; சில கடைகளில் அதற்குள் ஒரு பெரிய பல்ப் ஊதா நிறத்தில் ஒளிரும். மாலைக்குள் செல்களில் குமிழ் கிளம்பும். 'கொதிக்குது' என்பார்கள். சூட்டினால் வருவதில்லை அது. தண்ணீர் பிரிந்து வாயுவாக வெளியேறுகிறது, தகடு நிறைந்துவிட்டது என்பதற்கு அடையாளம். கடைக்காரர் ரப்பர் குமிழை அழுத்திக் கண்ணாடிக் குழாய்க்குள் அமிலத்தை உறிஞ்சுவார். உள்ளே மிதக்கும் ஹைட்ரோமீட்டர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று கண்மட்டத்தில் தூக்கிப் பார்ப்பார். 1250க்குப் பக்கம் நின்றால் நிறைவு, 1150 என்றால் காலி. ஆறு செல்களில் ஐந்து ஒரே அளவில் நின்று ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் அந்தச் செல்லைத் தனியாகத் திறந்து பிளேட் மாற்றுவார். பேட்டரியின் மேல்பக்கம் தாரால் அடைத்து, செல்களை வெளியே ஈயப் பட்டையால் இணைத்திருந்ததால் அது முடிந்தது. அவர் சட்டையிலும் வேட்டியிலும் அமிலத் துளி பட்ட இடமெல்லாம் ஓட்டை. கடையிலேயே நெடுநாள் இருக்கும் பேட்டரிகளும் உண்டு. விற்பனைக்கு வைத்திருந்த புதியவற்றை அமிலம் ஊற்றாமல் வறண்ட நிலையிலேயே வைத்திருப்பார்கள். வாங்குபவர் வந்தபின்தான் ஆசிட் ஊற்றி முதல் சார்ஜ். பழைய வகைகளுக்கு இந்த முதல் சார்ஜே இரண்டு மூன்று நாள் ஆகும். பிற்பாடு வந்த உலர்-சார்ஜ் பேட்டரிகளுக்கு ஒருசில மணி நேரம் போதும்.

பேட்டரியை வெறும் தரையில் வைத்தால் சார்ஜ் பூமிக்குள் இறங்கிவிடும், பலகை போட்டுத்தான் வைக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் அந்தக் கடைகளின் சொத்து. இன்றும் பலர் அதைச் சொல்கிறார்கள், இன்று அதில் பொருள் இல்லை. பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் மின்சாரத்துக்குத் தரை சிமென்டா மரமா என்று தெரியாது. ஆனால் அந்த நம்பிக்கை மூடத்தனமாகத் தொடங்கியதும் இல்லை. தொடக்க காலத்துப் பேட்டரிகள் தார் பூசிய மரப்பெட்டிக்குள் வைத்த கண்ணாடிக் குடுவைகளாக இருந்தன. ஈரத் தரையில் மரம் உப்பினால் குடுவை விரிசல் விடும். அமிலம் சிந்தி நனைந்த பெட்டியும் ஈரத் தரையும் சேர்ந்தால் மெல்லிய கசிவும் உண்டு. பெட்டி மாறியும் விதி மாறாமல் தொடர்ந்தது, அவ்வளவுதான். இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். பலகை தேடிப் போட்டவர் அந்தப் பேட்டரி அங்கே இருக்கிறது என்பதை ஒருமுறையாவது நினைத்துப் பார்த்தவர்.

தண்ணீர்க் கதை இந்த ஊருக்கே உரியது. கொதிக்கும் பேட்டரியில் நீர் குறையும், காய்ச்சி வடித்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். கிணற்று நீரை ஊற்றினால் என்ன ஆகும்? நீரில் இரும்பு இருந்தால், அது நேர்மின் தகட்டில் ஒரு நிலைக்கு மாறி, எதிர்மின் தகட்டுக்கு மிதந்துபோய்ப் பழைய நிலைக்குத் திரும்பி, மறுபடி முதல் தகட்டுக்கு வரும். ஒவ்வொரு போக்குவரத்திலும் கொஞ்சம் சார்ஜ் தின்னப்படும். குளோரைடு இருந்தால் தகட்டின் சட்டகத்தையே அரிக்கும். திண்டுக்கல் சுற்றுவட்டாரம் பாறைப் பூமி, ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பானது. அதற்குமேல் ஊரின் தோல் ஷாப்புகள். பச்சைத் தோல் அழுகாமல் கிடங்கில் கிடக்க அதன்மேல் உப்பைக் கொட்டுவார்கள். பதனிடத் தொடங்கும்போது அந்த உப்பு முதல் ஊறலிலேயே நீரில் வந்துவிடும். அது பல பத்தாண்டுகள் குட்டைகளிலும் ஓடைகளிலும் விடப்பட்டு நிலத்தடிக்கு இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தந்த தீர்ப்பில் வட ஆற்காடு, ஈரோடு, திருச்சி, செங்கை மாவட்டங்களோடு திண்டுக்கல் மாவட்டத்துத் தோல் ஆலைகளும் வந்தன. தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு கிணற்றின் வழியாகப் பேட்டரிக்குள் போய் அதன் சேமிப்பைக் கெடுக்கக்கூடிய ஊர் இது. டிஸ்டில்ட் வாட்டர் கேனுக்குக் காசு கொடுக்கத் தயங்கிக் குழாய்த் தண்ணீரை ஊற்றியவர், ஓடும் வண்டியில் அதன் விளைவை உடனே உணரமாட்டார். தினமும் டைனமோ இட்டு நிரப்பிவிடும். வண்டி ஒரு மாதம் நின்றால்தான் உள்ளே இருக்கும் இரும்பும் உப்பும் தம் வேலையைக் காட்டும்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பழக்கமாவது பட்டறையாவது, எல்லாவற்றுக்கும் காரணம் வெயில்தான் என்று. இதில் நியாயம் இருக்கிறது. சுமார் 10 டிகிரி கூடினால் இந்த வினைகளின் வேகம் இரட்டிக்கும் என்பது வேதியியலில் பழகிய கணக்கு. திண்டுக்கல் சமவெளியில் சித்திரை, வைகாசிப் பகல்கள் 38 டிகிரியைத் தொடும். அதே மாவட்டத்தில், 2,100 மீட்டர் உயரத்திலிருக்கும் கொடைக்கானலில் வெயில் காலத்திலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு பேட்டரிகளில் ஒன்றை மலைமேலும் ஒன்றைக் கீழேயும் ஆறு மாதம் வைத்தால், கீழே இருப்பது மேலே இருப்பதைப்போல மூன்று மடங்குக்குமேல் வேகமாக இறங்கும். ஆனால் இந்தக் கணக்கே என் பக்கமும் பேசுகிறது. அடைத்த ஈய-அமில பேட்டரி செய்பவர்கள் தரும் குறிப்பு, 20 முதல் 30 டிகிரியில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் 30 முதல் 40 டிகிரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்கிறது. வெயில் இடைவெளியைக் குறைக்கிறதே தவிர, இடையில் ஒருமுறை சார்ஜ் போட்ட பேட்டரியைக் கொல்வதில்லை. சார்ஜ் கடையும் அதே வெயிலில்தான் இருந்தது. மாதம் ஒருமுறை என்ற அதன் வழக்கம் இந்தச் சமவெளியின் வெயிலுக்கும் போதுமானதாக இருந்தது. சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைப்பவர் இடையிடையே பிரித்து அழுகலைப் பொறுக்காமல் விலைக்காகக் காத்திருக்க மாட்டார். பேட்டரியையும் அப்படி வைத்திருந்தால் வெயில் பெரிய எதிரி அல்ல.

அந்தக் கடைக்காரர்களைப் புனிதர்களாக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. ஹைட்ரோமீட்டர் ஏறவில்லை என்றால் சார்ஜ் போடுவதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் ஆசிட் ஊற்றி அளவை மட்டும் ஏற்றிக்காட்டுவது இந்தத் தொழிலின் பழைய ஏமாற்று வேலை. அமிலக் கழிவைத் தெருச் சாக்கடையில் கவிழ்த்தார்கள், ஈயத் தூசியை மூச்சோடு இழுத்தார்கள். அதைவிட முக்கியமான ஒன்று: அந்த மாதாந்தர ஒழுங்கு அறிவால் வந்ததைவிடக் கட்டாயத்தால் வந்தது. வீட்டில் மின்சாரம் இல்லாததால் பேட்டரி கடைக்கு வந்தே ஆக வேண்டும். வந்தால் நீர் பார்ப்பார்கள், முனையில் பூத்த வெள்ளையைத் துடைப்பார்கள், செத்துக்கொண்டிருக்கும் செல்லைக் கண்டுபிடிப்பார்கள். பேட்டரியைப் பேண வேண்டும் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. கம்பம் வராத ஊரின் குறையிலிருந்து பக்கவிளைவாகக் கிடைத்த பேணல் அது. அதனால்தான் கம்பம் வந்ததும் சத்தமில்லாமல் போனது.

போன விதம் ஒரே நாளில் நடந்ததல்ல. 1957இல் தமிழ்நாடு மின்வாரியத்தின் முன்னோடியான சென்னை மாநில மின்வாரியம் அமைந்தது. அடுத்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லாக் கிராமங்களுக்கும் கம்பி போய்ச் சேர்ந்தது. மைக் செட் கரண்டில் ஓடியது. டிரான்சிஸ்டர் வந்து ரேடியோ டார்ச் கட்டைக்கு மாறியது. கார் பேட்டரியில் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் கலந்தார்கள், அதனால் சார்ஜ் கசிவு மாதம் 3 சதவீதத்துக்குப் பக்கம் குறைந்தது. பெட்டி ஒரே பிளாஸ்டிக் வார்ப்பானது, தனிச் செல்லைத் திறக்கும் வழி அடைபட்டது. 2001இல் வந்த பேட்டரி மேலாண்மை விதிகள் பழைய பேட்டரியைக் கடை திரும்ப வாங்க வேண்டும் என்றன. ஈயம் காட்டிலும் மேட்டிலும் சிந்தாமலிருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் பழசுக்கு விலை கழித்துப் புதியது கிடைக்கும்போது பழசைக் காப்பாற்ற யாரும் மெனக்கெட மாட்டார்கள். காரைக்குடியில் 1948இல் நேரு அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் திண்டுக்கல்லிலிருந்து அரை நாள் பயணத்தில் இருக்கிறது. அறிவு பக்கத்தில்தான் இருந்தது. அந்த அறிவு வீட்டு மூலைக்கு வந்து சேரும் வழியாக இருந்த கடைதான் இல்லாமல் போனது.

2008க்குப் பின் வந்த மின்வெட்டுக் காலம் இதற்கு நல்ல சான்று. 2012இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் சாதாரணம். நடுத்தரக் குடும்பங்கள் எல்லாம் இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியும் வாங்கின. தினமும் இறங்கி தினமும் ஏறிய அந்தப் பேட்டரிகள் கடும் உழைப்பாளிகள். 2014, 15இல் மின்சாரம் சீரடைந்தது, பேட்டரிக்கு வேலை போயிற்று. இன்வெர்ட்டர் எப்போதும் கரண்டில் மாட்டியே இருப்பதால் அது சேமிப்பு ஆகாதே என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி சரி. மாட்டியே இருந்த பேட்டரியில் சார்ஜ் குறையாது, நீர் குறையும். வேலை இல்லாத பொருளின் மிதவைக் குச்சியை யார் குனிந்து பார்க்கிறார்கள்? நீர் வற்றித் தகட்டின் மேல்பகுதி வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி காலி. கரண்ட் பில்லுக்குப் பயந்து சுவிட்சை அணைத்து வைத்தவர்களின் பேட்டரியோ அசல் சேமிப்பில் கிடந்து சல்பேட் ஏறிப் போனது. இரண்டு வழியிலும் கேடு வேலையின்மைதான்.

2020 மார்ச் 25 முதல் நாடே முடங்கியபோது இதே பாடம் எல்லாத் தெருவிலும் நடந்தது. நிறுத்திய காரிலும் கடிகாரம், அலாரம், கணினிப் பெட்டி என்று ஏதோ ஒன்று விழித்திருக்கும். 30 மில்லி ஆம்பியர் இழுக்கும் காரில் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி போகும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி இந்தக் கணக்கில் ஏழு வாரத்தில் காலி, தானே கசிவது தனி. முடக்கம் மே இறுதி வரை நீண்டது. பழைய பைக்கை உதைத்துக் கிளப்பினார்கள். செல்ஃப் மட்டும் உள்ள புதிய ஸ்கூட்டர்களைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இன்று இந்தச் சமவெளியில் சும்மா கிடந்து சாகும் பேட்டரிகளில் எளியவர் கையில் இருப்பது முதுகுத் தெளிப்பானுடையது. 16 லிட்டர் தொட்டி, அடியில் 12 வோல்ட் 8 ஆம்பியர்-மணி அடைத்த ஈய-அமில பேட்டரி. மானாவாரியில் மக்காச்சோளமோ பருத்தியோ போடுபவர் ஐப்பசி, கார்த்திகையில் மருந்தடித்து, தை அறுவடைக்கு முன்பே அதைப் பரணில் ஏற்றிவிடுவார். கடைசித் தொட்டியை அடித்து முடித்தபோது பேட்டரியில் பாதிதான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரியில் மாதம் 3 சதவீதம் கசிவது, தகரக் கூரைக்கடியில் கோடையில் மாதம் 7, 8 சதவீதமாகும். மார்கழியில் வைத்தது ஆவணியில் இறங்கும்போது கிட்டத்தட்டக் காலி. பாதியில் கிடந்த மாதங்களிலேயே சல்பேட் இறுகத் தொடங்கியிருக்கும். சார்ஜரில் மாட்டினால் பச்சை விளக்கு சீக்கிரமே எரியும், இரண்டு தொட்டிக்குள் மோட்டார் முனகும். 'சைனா பேட்டரி, அப்படித்தான்' என்று திட்டிவிட்டு வேறு வாங்குவார். பேட்டரியின் தரம் எப்படியோ, பரணில் ஏற்றுமுன் ஒரு இரவும் பங்குனியில் ஒரு இரவும் வைகாசியில் ஒரு இரவும் சார்ஜில் போட்டிருந்தால் அடுத்த பருவம் ஓடியிருக்கும்.

வலுவான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. இதெல்லாம் ஈயத்தின் குறை, லித்தியம் வந்தபின் இந்தப் புலம்பல் எதற்கு என்பது. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான் பேட்டரி மாதம் 2, 3 சதவீதத்துக்கு மேல் இழப்பதில்லை. டார்ச்சிலும் கேமராவிலும் போடும் நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு கட்டைகள் முன்பு மாதம் 20 முதல் 30 சதவீதம் இழந்தன. 2005 நவம்பரில் சான்யோ கொண்டுவந்த எனலூப் ஓராண்டுக்குப் பின்னும் 85 சதவீதம் நிற்கும் என்று சொல்லி விற்கப்பட்டது, அது பெருமளவு உண்மையாகவும் இருந்தது. சார்ஜ் நிற்குமா என்ற முதல் கேள்விக்கு இவை நல்ல பதில்கள், ஒப்புக்கொள்கிறேன். பேட்டரி உயிரோடிருக்குமா என்ற இரண்டாவது கேள்விக்கு லித்தியம் தரும் பதில் அவ்வளவு எளிதல்ல. ஓராண்டு சும்மா வைத்த கோபால்ட் வகை லித்தியம் பேட்டரிக்குப் பரவலாகத் தரப்படும் கணக்கு இது: முழு சார்ஜோடு 25 டிகிரியில் வைத்தால் கொள்ளளவில் 80 சதவீதம் மிஞ்சும், 40 டிகிரியில் 65 சதவீதம்தான். 40 சதவீத சார்ஜோடு வைத்தால் அதே 40 டிகிரியில் 85 மிஞ்சும். ஈயம் நிறைந்திருக்க விரும்புகிறது, லித்தியம் பாதியில் இருக்க விரும்புகிறது. ஈயத்தின் பழக்கத்தில் வளர்ந்த வீடு, ஊருக்குப் போகுமுன் மின் ஸ்கூட்டரை நூறு சதவீதம் ஏற்றிப் பூட்டிவிட்டுப் போகிறது, நல்லது செய்வதாக நினைத்து. அல்லது காலியாகவே விட்டுப் போகிறது. உள்ளிருக்கும் காவல் சர்க்யூட் மிஞ்சியதையும் உறிஞ்சி, செல் ஒரு எல்லைக்குக் கீழே இறங்கியதும் பாதுகாப்புக்காகத் தன்னையே பூட்டிக்கொள்ளும். 'லாக் ஆயிடுச்சு' என்று சர்வீஸில் சொல்வது இதைத்தான். பொருள் மாறும்போது விதியும் தலைகீழாகும் என்று சொல்லிக் கொடுக்க, பலகை போடச் சொன்ன அந்தப் பழைய கடைபோல ஒன்றாவது வேண்டியிருக்கிறது.

பராமரிப்பே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பேட்டரி உலகில் இல்லாமலும் இல்லை. திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் இடையில் மாத்தூரில் ஹை எனர்ஜி பேட்டரீஸ் நிறுவனம் கடற்படை டார்பிடோக்களுக்கு வெள்ளி-துத்தநாக பேட்டரி செய்கிறது. இந்த வகையில் தகடுகளும் திரவமும் கடைசி நொடி வரை சேர்வதில்லை. ஏவும்போதுதான் திரவம் உள்ளே பாயும், சில நிமிடம் பேராற்றலோடு ஓடி முடிந்துபோகும். ஆசிட் ஊற்றாமல் புதுப் பேட்டரியை அலமாரியில் வைத்த சார்ஜ் கடைக்காரரின் உத்திதான் இது. வினையை நிறுத்த முடியாது, ஆனால் தொடங்காமல் வைத்திருக்கலாம். ஒருமுறை தொடங்கிவிட்டால் விவசாயிக்கும் கடற்படைக்கும் ஒரே சட்டம்தான்.

ஆகவே தீர்வைப் பேட்டரிக்குள் தேடுவதைவிட நாட்காட்டியில் தேடுவது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு வழி இந்தச் சமவெளியிலேயே இருக்கிறது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைக்கு ஏறக்குறைய ஆண்டு முழுவதும் மருந்தடிக்க வேண்டும். ஒட்டன்சத்திரத்துத் தோட்டக்காரர் தக்காளி முடிந்தால் கத்தரி, கத்தரி முடிந்தால் முருங்கை என்று போவார். அவர்கள் வீட்டுத் தெளிப்பானின் பேட்டரி உழைத்துத் தேய்ந்துதான் போகிறது, பரணில் கிடந்து போவதில்லை. வேடசந்தூர், குஜிலியம்பாறை மானாவாரிக்காரருக்கு வருடத்தில் நான்கு மாதம் மட்டும் தேவைப்படும் தெளிப்பானை ஆளுக்கொன்றாக வாங்குவதைவிட, டிராக்டருக்கும் ரோட்டவேட்டருக்கும் ஏற்கனவே இருக்கும் வாடகை மையங்களிலேயே பத்துப் பதினைந்து வைத்துப் பயிருக்குப் பயிர் சுற்றவிடலாம். வாடகை மையத்தில் ஒரு ஆள் இருப்பார், ஒரு பிளக் பாயின்ட் இருக்கும், எந்தத் தெளிப்பான் எப்போது போய் எப்போது வந்தது என்று ஒரு நோட்டும் இருக்கும். தனித்தனியாக வாங்க மானியம் தந்திருக்கிறார்கள். பத்துத் தெளிப்பானும் பத்துச் சார்ஜரும் ஒரு நோட்டும் உள்ள மையத்துக்கு அதே பணத்தைத் தந்தால், பரணில் கிடந்து சாகும் பேட்டரிகளில் பெரும்பகுதி மிஞ்சும்.